"சபைன்னா என்ன சார்?": திடப்படுத்தல் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது பல கிராமச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தில், திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகும் வகுப்பு அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோவிலுக்குப் பின்னால் இருக்கும் அறையில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். போன வருஷம் அக்கா கேட்டதையே இந்த வருஷம் தம்பி கேட்கிறான். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அம்மா அப்பாவும் வாசலில் நின்றபடி ஒன்றிரண்டு கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, நான் சொன்ன பதிலையும் சேர்த்திருக்கிறேன். கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேக்காரரும் வேறு மாதிரிச் சொல்லும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

சபைன்னா கோவில்தானே சார்? அதுல என்ன விளக்கம் வேண்டிக்கிடக்கு?

புதிய ஏற்பாட்டில் சபை என்று வருகிற இடத்திலெல்லாம் ஆட்களைத்தான் சொல்கிறது. ஓர் இடத்தில்கூடக் கட்டடத்தைச் சொல்லவில்லை. கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் எக்ளேசியா. அது முதலில் கிறிஸ்தவச் சொல்லே இல்லை. கிரேக்க நகரங்களில் குடியுரிமை உள்ள ஆண்கள் ஒன்றாகக் கூடி ஊர்க்காரியம் பேசி முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். நம் கிராம சபை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். எபேசுவில் பவுலுக்கு எதிராகக் கலகம் மூண்டு, ஜனங்கள் அரங்கத்தில் கூடி "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று இரண்டு மணி நேரம் கத்தினார்களே (அப்போஸ்தலர் 19), அந்தக் கும்பலுக்கும் மூலத்தில் எக்ளேசியா என்றுதான் இருக்கிறது.

எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள், சீனாய் மலையடியில் கடவுள் முன் கூடி நின்ற இஸ்ரவேல் ஜனத்துக்கு இதே சொல்லைப் போட்டார்கள். முதல் கிறிஸ்தவர்கள் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆக, சபை என்றால் கடவுள் கூட்டிய கூட்டம். 'எக்' என்றால் வெளியே, 'கலேயோ' என்றால் அழைப்பது, ஆகவே சபை 'உலகத்திலிருந்து வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். வேர் சரிதான். ஆனால் அந்தக் காலத்தில் கிரேக்கம் பேசியவர்கள் காதில் வெறும் 'கூட்டம்' என்றுதான் விழுந்திருக்கும். வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு ரொம்ப தூரம் போகவேண்டாம்.

அப்போ 'கோவிலுக்குப் போறேன்'னு சொல்றது தப்பா?

தப்பே இல்லை. வேதக்கோவில் என்று நம் தாத்தா காலத்திலிருந்தே சொல்கிறோம். ஆலயம், சர்ச், மாதா கோவில் எல்லாம் கட்டடத்துக்கான பெயர்கள். தமிழில் சபை என்ற சொல்லே இரண்டு பக்கமும் சாயும். சட்டசபை என்றால் மண்டபத்தையும் சொல்லலாம், உள்ளே இருப்பவர்களையும் சொல்லலாம். நெல்லையப்பர் கோவில் தாமிர சபை என்பது இடம். அதனால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

எது முதலில் வந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும். முதல் இருநூறு வருஷம் சபைகள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடின. ரோமர் 16-இல் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடும் சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்கிறார். சிரியாவில் தூரா யூரோப்பஸ் என்ற இடத்தில் தோண்டியெடுத்த மிகப் பழைய கோவில்கூட உண்மையில் ஒரு வீடுதான். 3-ஆம் நூற்றாண்டில் இரண்டு அறைக்கு நடுவே இருந்த சுவரை எடுத்துப் பெரிதாக்கி, இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். 313-இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுச் சுதந்திரம் கிடைத்த பிறகுதான் பெரிய பெரிய கோவில்கள் எழும்பின.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், பாளையங்கோட்டையைப் பாருங்கள். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம்) 1780-இல் எழுதிய பதிவேட்டில் 40 பேரின் பெயர்கள் இருந்தன. திருநெல்வேலித் திருச்சபை தன் பிறப்பை அந்தப் பட்டியலிலிருந்துதான் எண்ணுகிறது. அதில் ஒருவர் க்ளோரிந்தா, ஞானஸ்நானம் பெற்ற பிராமண விதவை. அவர் கட்டியெழுப்பிய கோவில் 1785-இல்தான் வந்தது. இன்றைக்கும் ஊரில் பாப்பாத்தியம்மாள் கோவில் என்றால் தெரியும். சரி, நடுவில் அந்த ஐந்து வருஷம் அங்கே சபை இருந்ததா இல்லையா என்று வகுப்பில் கேட்பேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு "இருந்துச்சு சார்" என்பார்கள். அதற்குமேல் நான் விளக்குவதில்லை.

இயேசுவே சபையை ஆரம்பிச்சாரா, இல்ல பின்னாடி வந்தவங்க ஆரம்பிச்சதா?

நான்கு சுவிசேஷங்களிலும் சேர்த்து எக்ளேசியா என்ற சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இரண்டும் மத்தேயுவில் (16:18, 18:17). அதைக் காட்டி, இயேசு சபையை நினைக்கவே இல்லை என்பவர்கள் உண்டு. ஆனால் அவர் சீஷர்களில் பன்னிரண்டு பேரைத் தனியாகப் பிரித்தது சும்மா இல்லை. இஸ்ரவேலின் கோத்திரங்கள் பன்னிரண்டு. ஒரு ஜனத்தையே மறுபடி கூட்டுகிறேன் என்று அவர் காட்டியது அது. கடைசி இரவில் அப்பத்தைப் பிட்டு, என்னை நினைத்து இதைச் செய்யுங்கள் என்றும் சொன்னார். சேர்ந்து கூடினால்தான் அதைச் செய்ய முடியும்.

பிறந்த நாள் எது என்று கேட்டால், சீஷர்கள்மேல் பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாள். அன்றைக்கு ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்ந்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 2. மூப்பர், கண்காணி, கமிட்டி, ரசீதுப் புத்தகமெல்லாம் தேவைக்கேற்ப வந்தவை. முதன்முதலில் ஏழு பேரை வேலைக்கு நியமித்ததே சாப்பாட்டுத் தகராறில்தான்: தினசரிப் பந்தியில் கிரேக்கம் பேசும் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது (அப்போஸ்தலர் 6).

'இந்தக் கல்லின்மேல்'னு பேதுருவைத்தானே சொன்னார்? அப்ப போப்பாண்டவர்தானே தலைவர்?

'நீ பேதுரு, இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்' என்று இயேசு சொன்ன மத்தேயு 16:18-ஐக் கத்தோலிக்கர் அப்படித்தான் வாசிக்கிறார்கள்: கல் என்பது பேதுரு, அவர் பொறுப்பு ரோம் பேராயர்களுக்கு வழிவழியாக வருகிறது. நம் பக்கத்துப் பழைய விளக்கம், கல் என்பது பேதுரு சொன்ன "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து" என்ற அறிக்கை. கிரேக்கத்தில் பேதுருவுக்குப் பேத்ரோஸ், கல்லுக்குப் பேத்ரா என்று இரண்டு சொல் இருப்பதை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். இயேசு பேசிய அரமேயிக்கில் இரண்டுக்கும் ஒரே சொல், கேபா. அதனால் அந்த ஆதாரம் அவ்வளவு பலமானதில்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பேதுரு என்ற ஆளைத்தான் இயேசு சொல்கிறார். ஆனால் வாரிசு பற்றி அந்த வசனத்தில் ஒன்றும் இல்லை. ஐந்து வசனம் தள்ளி அதே பேதுருவை 'சாத்தானே' என்று கடிந்துகொள்வதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். எபேசியர் 2:20 அப்போஸ்தலர் எல்லாரையும் அஸ்திபாரமாகச் சொல்லி, மூலைக்கல் கிறிஸ்து என்கிறது. "என் சபையைக் கட்டுவேன்" என்பதில் 'என்' யாருடையது என்பதில் மட்டும் யாருக்கும் சண்டை இல்லை.

சரி, சபையோட வேலைதான் என்ன? வாராவாரம் எதுக்குக் கூடணும்?

அப்போஸ்தலர் 2:42 நான்கைச் சொல்கிறது: உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். கற்பது, பழகுவது, ஒரே பந்தியில் சாப்பிடுவது, சேர்ந்து வேண்டுவது. இதோடு வெளியே போய்ச் சாட்சி சொல்வதும் கஷ்டப்படுகிறவர்களைத் தாங்குவதும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக்காரர்கள் இதை இன்னும் சுருக்கினார்கள். 1530-இல் எழுதிய ஆக்ஸ்பர்க் அறிக்கையின்படி, சுவிசேஷம் சுத்தமாகப் போதிக்கப்பட்டு, திருவிருந்தும் ஞானஸ்நானமும் முறையாக நடக்கிற பரிசுத்தவான்களின் கூட்டமே சபை.

வெளியாள் ஒருவர் எழுதியதும் நம்மிடம் இருக்கிறது. சுமார் 112-இல் பிளினி என்ற ரோம ஆளுநர், இந்தக் கிறிஸ்தவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று விசாரித்துப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். குறித்த நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறிமாறிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், கலைந்துபோய் மறுபடி கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். அவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் தென்படவில்லை.

அந்தச் 'சாதாரணச் சாப்பாடு' என்ற இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன், ஏனென்றால் எங்களுக்கு அசனம் தெரியும், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் பண்டிகை விருந்து. பண்டிகைக்கு முந்தின இரவே கோவில் வளாகத்தில் கோட்டை அடுப்பு வெட்டி அண்டா ஏற்றுவார்கள். வடித்த சோற்றை ஓலைப்பாயில் மலைபோலக் கொட்டி, ஆவி பறக்கப் பறக்க மண்வெட்டி மாதிரி ஒரு கரண்டியால் தள்ளி ஆற்றுவார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு வாளியில் வரும். டாக்டர் பக்கத்தில் கொத்தனார், அவர் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளை என்றே தெரியாத ஒரு பையன். படுக்கையில் கிடக்கிறவர்களுக்குத் தூக்குச்சட்டியில் போகும். கொரிந்து சபையில் இதுதான் கெட்டுப்போனது. வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள், "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் திட்டுகிறார் (1 கொரிந்தியர் 11). பந்தி சரியில்லை என்றால் திருவிருந்தும் சரியில்லை என்பது அவர் கட்சி. எங்கள் அசனத்திலும் வி.ஐ.பி.களுக்கு உள்ளறையில் நாற்காலி போட ஆரம்பித்திருக்கிறார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, சொல்லியும் பார்த்துவிட்டேன்.

வீட்டிலயே ஜெபம் பண்ணினா கேக்க மாட்டாரா? யூடியூப்ல இதைவிட நல்ல பிரசங்கம் வருதே!

கேட்பார். பிரசங்கம் விஷயத்திலும் நான் வாதாட வரவில்லை. ஆனால் மேலே சொன்ன நான்கில் யூடியூபில் கிடைப்பது ஒன்றுதான், உபதேசம். நீங்கள் வராவிட்டால் அந்தப் பிரசங்கியாருக்குத் தெரியாது. அப்பா இறந்த வீட்டுக்கு அவர் வந்து நிற்கமாட்டார். சபையைப் பவுல் உடம்பு என்கிறார் (1 கொரிந்தியர் 12). கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டியதில்லை என்று சொல்லக்கூடாது. தனியாகக் கழற்றி வைத்த கை எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் உதவாது.

வரமுடியாதவர்கள் கதை வேறு. 2020-இல் கோவில் பூட்டிக் கிடந்தபோது என் பெரியம்மா செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து ஆராதனை பார்ப்பார். விசுவாசப் பிரமாணம் வந்ததும் முழங்கால் வலியோடு எழுந்து நிற்பார். தனியாக இருக்கும்போது எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் நிப்பாங்களே" என்றார். அவர் சபையில்தான் இருந்தார். ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்சையும் நான் குறை சொல்வதில்லை. சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்கிற எபிரெயர் 10:25, வரமுடிந்தும் சோம்பலுக்கு வராதவர்களுக்குத்தான்.

ஞானஸ்நானம் எடுத்தாலே சபையில சேந்தாச்சா? பிறகு திடப்படுத்தல் எதுக்கு?

ஞானஸ்நானத்திலேயே சேர்ந்தாச்சு. கைக்குழந்தைக்கும் அப்படித்தான். அன்றைக்கு உங்களுக்காக அப்பா அம்மாவும் ஞானப் பெற்றோரும் சொன்ன பதிலை இப்போது நீங்களே உங்கள் வாயால் சொல்கிறீர்கள், பேராயர் கைவைத்து ஜெபிக்கிறார், அதுதான் திடப்படுத்தல். பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்குப் பிரதிஷ்டை (கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து ஜெபிப்பது) மட்டும். விசுவாசித்து அறிக்கையிட்ட பிறகே முழுக்கு ஞானஸ்நானம்.

சந்தா கட்டாததால் சேகரப் பட்டியலில் பெயர் அடிபட்டுவிட்டதே என்று ஒரு பெரியவர் கலங்கிப்போய்க் கேட்டார். ஐயா, அது ஓட்டுரிமைப் பட்டியல். கிறிஸ்துவின் சரீரத்திலிருந்து பெயர் எடுக்கக் கமிட்டிக்கு அதிகாரம் இல்லை.

விசுவாசப் பிரமாணத்துல 'பரிசுத்த பொதுவான சபை'ன்னு சொல்றோமே, அது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபையா?

'பொதுவான' என்ற இடத்தில் மூலச்சொல் கத்தோலிக்க. முழுமையான, எங்கும் உள்ள என்று பொருள். 2-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே அந்தியோகியா இக்னேஷியஸ் தன் கடிதம் ஒன்றில் இந்தச் சொல்லைச் சபைக்குச் சேர்த்துச் சொல்கிறார், அப்போது ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்ற பிரிவே கிடையாது. நிசேயா பிரமாணத்தில் ஒன்று, பரிசுத்தம், பொது, அப்போஸ்தலம் என நான்கு அடையாளம் வரும். எந்த ஊர், எந்தக் காலம், எந்த மொழியாக இருந்தாலும் அதே சபை என்பதுதான் 'பொது'.

ஒரே சபைன்னா எங்க தெருவுல மட்டும் எப்படி நாலு சபை?

வெட்கப்படவேண்டிய கேள்வி. 1054-இல் கிழக்கும் மேற்கும் பிரிந்தன, 1517-இல் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்துக்குப் பிறகு மேற்கு உடைந்தது, அப்புறம் நம் ஊருக்கு மிஷனரிகள் வந்தபோது அவரவர் ஊர்ச் சண்டையையும் கப்பலில் ஏற்றி வந்தார்கள். லுத்தரன் கோவிலும் ஆங்கிலிக்கன் கோவிலும் ஏன் தனித்தனி என்பதற்குக் காரணம் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருக்கிறது, தரங்கம்பாடியில் இல்லை.

அதே தரங்கம்பாடியில் 1919-இல் இந்திய ஊழியர்கள் கூடி, இந்தப் பிரிவினை நாங்கள் உண்டாக்கியதல்ல, ஒன்றாவோம் என்று அறிக்கை விட்டார்கள். முன்நின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912-இல் பேராயரானவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. ஒரு சபையின் குருத்துவத்தை இன்னொரு சபை எப்படி ஏற்பது என்பதுதான் பெரிய முடிச்சு. கடைசியில் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. அதுதான் சி.எஸ்.ஐ. அசரியா பார்க்கவில்லை, 1945-இல் இறந்துவிட்டார். பிரிந்தவர்கள் சேரமுடியும் என்பதற்கு நம் சபையே சாட்சி. அதைச் சொல்லிக்கொண்டே நாம் இன்னும் பிரிவதைத்தான் தாங்கமுடியவில்லை.

ஐயர் இல்லாம சபை உண்டா?

(வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: எங்கள் பக்கம் சி.எஸ்.ஐ. ஆயரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். சென்னையிலிருந்து லீவுக்கு வந்த ஒரு பெண், ஐயர் வீட்டில் மீன்குழம்பா என்று அரண்டுபோய்விட்டாள்.) ஒரு சேகரத்தில் பல கிராமச் சபைகள் இருக்கும். ஐயர் முறைவைத்து வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியரும் உபதேசியாரும்தான் நடத்துவார்கள். அந்த ஞாயிறுகளிலும் அது சபைதான். 1 பேதுரு 2:9 விசுவாசிகள் எல்லாரையும் ஆசாரியக்கூட்டம் என்கிறது.

ஆனால் போதிக்கவும் மேய்க்கவும் தனியாக ஆளை ஏற்படுத்துவதும் தொடக்கத்திலிருந்தே உண்டு. கத்தோலிக்கத்தில் குருத்துவம் ஒரு அருட்சாதனம், ஏழில் ஒன்று. நமக்கு ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டுதான். பெண்கள் ஆயராகலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். சி.எஸ்.ஐ.யில் 1976 முதல் ஆகிறார்கள், 2013-இல் நந்தியால் பேராயத்துக்குப் பெண் பேராயரும் வந்தார்.

எப்பப் பாத்தாலும் காணிக்கை, காணிக்கைன்னு... கடவுளுக்கு எதுக்குப் பணம்?

கடவுளுக்கு வேண்டாம். எருசலேமில் வறுமைப்பட்டவர்களுக்காகப் பவுல் ஊர் ஊராகப் பணம் சேர்த்தார். 2 கொரிந்தியர் 8, 9 இரண்டு அதிகாரமும் அதுதான். எங்கள் வீட்டில் உலை வைக்கும்போது அம்மா ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போடுவார், கைப்பிடி அரிசி. இப்படிச் சேர்ந்த காசில்தான் திருநெல்வேலிச் சபை 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்குத் தன் ஆட்களை அனுப்பியது. தோட்டத்து முதல் முருங்கைக்காயைப் பண்டிகை ஏலத்தில் நாலு பேர் போட்டி போட்டு ஐந்நூறுக்கு எடுப்பார்கள். அதில் ஒரு குஷி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். கொடுத்தால்தான் ஆசீர்வாதம் என்று பேரம் பேசினால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள். கணக்குக் கேட்பது பாவமில்லை.

சபைத் தேர்தல், கேஸ், அடிதடி... இதையா 'பரிசுத்த' சபைங்கிறீங்க?

ஒரு தேர்தல் சமயம் கோவில் வாசலில் போலீஸ் ஜீப் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் 'பரிசுத்த பொதுவான சபை' என்று சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

இந்தக் கேள்விக்கு வயது ஆயிரத்து அறுநூறுக்கு மேல். 303-இல் ரோம அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கிய கலாபனையில் சில குருமார் பயந்துபோய் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார்கள். வட ஆப்பிரிக்காவில் டொனாட்டிஸ்டுகள் என்றொரு கூட்டம், இவர்கள் இருக்கும் சபை கறைபட்ட சபை, சுத்தமானவர்கள் நாங்கள் மட்டுமே என்று தனியாகப் போனது. அவர்களுக்கு அகஸ்டின் சொன்ன பதில் மத்தேயு 13: கோதுமையும் களையும் அறுப்பு வரைக்கும் ஒரே வயலில்தான் வளரும். சபை பரிசுத்தம் என்பது அதில் இருக்கிறவர்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல, அதைக் கூட்டியவர் பரிசுத்தர் என்பதால். இதைச் சொல்லித் திருடனைக் காப்பாற்றக் கூடாது. தவறு செய்கிற சகோதரனைத் தனியாகவும், பிறகு சாட்சிகளோடும், கடைசியில் சபை முன்பாகவும் கண்டிக்கச் சொன்னதும் மத்தேயுதான் (18:15-17).

எனக்கு ஞானஸ்நானம் குடுத்த ஐயர் பின்னால பெரிய தப்புல மாட்டிக்கிட்டார். அது செல்லுமா?

செல்லும். மேலே சொன்ன டொனாட்டிஸ்டு வழக்கின் மறுபாதி இதுதான். கொடுக்கிறவர் கிறிஸ்து, ஐயர் கை வெறும் கை. ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 26-ஆவது இதையே சொல்லிவிட்டு, அப்படிப்பட்ட ஊழியரை விசாரித்து விலக்கவேண்டும் என்றும் சொல்கிறது. இந்தப் பின்பாதியை யாரும் வாசிப்பதில்லை.

சபைக்குள்ள சாதி இருக்கே சார்?

இருக்கிறது. மழுப்ப மாட்டேன். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலை 19-ஆம் நூற்றாண்டில் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டினார்கள். இந்தச் சாதி இந்தக் கிளையில், அந்தச் சாதி அந்தக் கிளையில். பீடம் மட்டும் ஒன்று. 1910-இல் குருவானவர் ஒருவர் தடுப்புச் சுவரை இடித்தார், வழக்கு நீதிமன்றம் வரை போனது. புராட்டஸ்டண்ட் பக்கமும் யோக்கியம் இல்லை. 1833-இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதி கூடாது என்று கட்டளை அனுப்பியதும் தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறை தனித்தனி.

"பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று எபேசியர் 2:14 யூதர், புறஜாதியார் சுவரைச் சொல்கிறது. பவுலுக்கு அது ஓரமான விஷயமில்லை. சேராதவர்கள் சேர்ந்திருப்பதுதான் சபை என்பதற்கே அடையாளம். ஒரு சாதிக்காரர் மட்டும் கூடிப் பாட்டுப் பாட இயேசு மரிக்கத் தேவையில்லை, அதற்குச் சாதிச் சங்கமே போதும். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு வெளியே வந்து சம்பந்தம் பேசும்போது என்ன சாதி என்று கேட்கிறவர்களிடம், இரண்டில் எது பொய் என்று கேளுங்கள் என்பேன். பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டுவிடுகிறார்கள். எனக்கு போன் வருகிறது.

சபைக்கு வெளிய இரட்சிப்பே இல்லையா? என் ஃபிரண்டு சாமி கும்பிடுறவன், ரொம்ப நல்லவன்.

'சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை' என்பது கார்த்தேஜ் பேராயர் சிப்ரியன் சொன்னதாக வழங்குவது. அவர் 258-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதை எழுதும்போது அவர் மனதில் இருந்தது உங்கள் நண்பன் இல்லை. சபையை உடைத்துக்கொண்டு போன கிறிஸ்தவர்கள். பிற்காலத்தில் அது எல்லார்மேலும் பாய்ந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் சபையைப் பற்றி வெளியிட்ட ஆவணத்தில், தங்கள் தவறின்றிச் சுவிசேஷத்தை அறியாதவர்கள் மனச்சாட்சிப்படி கடவுளைத் தேடினால் இரட்சிப்படைய முடியும் என்று கத்தோலிக்கத் திருச்சபையே எழுதியது. இரட்சிப்பு கிறிஸ்துவால் மட்டுமே என்பதில் நம் சபைகள் உறுதியாக நிற்கின்றன. அவர் கை எவ்வளவு தூரம் நீளும் என்று அளக்கும் வேலையைச் சபையிடம் கொடுக்கவில்லை. உங்கள் நண்பனை அசனத்துக்குக் கூட்டி வாருங்கள்.

சபை மாறலாமா?

ஊர் மாறினால், கல்யாணமானால், போதனை கெட்டுப்போனால் மாறலாம். பாட்டு நன்றாக இல்லை என்பதற்காக மாறுகிறவர் அங்கேயும் இரண்டு வருஷம்தான் இருப்பார். கமிட்டியில் தோற்றதற்காக மாறுகிறவரிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை.

செத்துப்போனவங்க சபையில இருக்காங்களா?

இது பிள்ளைகள் கேட்டதில்லை, பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி கேட்டது. விசுவாசப் பிரமாணத்தில் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்று ஒரு வரி இருக்கிறதே, அது இதைத்தான் சொல்கிறது. கத்தோலிக்கர் அவர்களுக்காகவும் வேண்டுவார்கள், புனிதர்களிடம் பரிந்துபேசும்படியும் கேட்பார்கள். நாம் அப்படி வேண்டுவதில்லை. ஆனால் அவர்கள் சபையை விட்டுப் போய்விட்டதாக நாமும் சொல்வதில்லை. திருவிருந்தில் தூதர்களோடும் பரலோகக் கூட்டத்தோடும் சேர்ந்து 'பரிசுத்தர், பரிசுத்தர்' என்று பாடுகிறோம். அந்த வரிசையில் அவர்களும் நிற்கிறார்கள்.

பாட்டி கொஞ்சநேரம் யோசித்தார். "அப்பம் அந்தப் பாட்டுக்கு அவுகளும் இருப்பாக" என்றார். ஆமாம் என்றேன். தாத்தாவுக்குச் சுருதி சேராது என்று சொல்லிவிட்டு, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.